பாட்டியின் சுவரும் என் ஏர்கோனும்

இந்த மாதப் பாடம் பட்டர்வொர்த்தில் எங்கள் பாட்டியின் அலமாரிக்குப் பின்னால் தொடங்குகிறது.

பாட்டிக்கு ரொம்ப நாளாக இரவில் இருமலும் இழுப்பும். வயசாச்சு, அதான் என்று நினைத்தோம். கிளினிக்கில் டாக்டர் கேட்டார்: “வீட்டுல பூஞ்சை இருக்கா?” அன்று மாலையே அலமாரியை நகர்த்தினேன். சுவர் முழுக்கக் கருப்புப் புள்ளி. அந்தச் சுவருக்கு அப்பா மூனு தடவை சாயம் அடிச்சிருக்காரு. ஈரம் போகாமல் சாயம் மட்டும் அடித்தால் பூஞ்சை திரும்ப வரத்தான் செய்யும்.

பைப் கசியவில்லை, கூரை ஒழுகவில்லை. பாட்டி அறையில் ஏர்கோனும் கிடையாது. பிறகு ஈரம் எங்கிருந்து வந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் என் அறை. இரவு முழுக்க ஏர்கோனை 18-ல் வைத்துத் தூங்குபவன் நான்.

கணக்கு இதுதான். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஐஸ் கோப்பி கிளாஸ் வேர்ப்பது மாதிரி. என் ஏர்கோன் சுவரைக் குளிர வைக்கிறது. பாட்டி ஜன்னல் வழியாக வரும் வெப்பக் காற்று அதில் படிகிறது. தண்ணீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லை.

பூஞ்சை காற்றில் விடும் நுண்வித்துகளை மூச்சோடு இழுக்கிறோம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். ஈரவீடுகளில் ஆஸ்துமா மோசமாகும், சுவாசத் தொற்றும் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அடுத்த ஆண்டு அங்கே சட்டமே வந்தது.

நமக்கு 2017 நவம்பர் வெள்ளம் மறந்திருக்காது. நனைந்த மெத்தையையும் பலகை அலமாரியையும் “காஞ்சிடும்” என்று திரும்ப உள்ளே வைத்த வீடுகள் எத்தனை! இரண்டு நாளுக்குள் காயாததைத் தூக்கிப் போடுவதே நல்லது.

சுத்தம் செய்யும்போது மாஸ்க் போடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் வித்துகள் பறக்கும். சோப்பு நீரில் நனைத்துத் துடையுங்கள். குளோரக்ஸோடு டாய்லெட் கழுவும் அமிலத்தைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். இன்னொன்று, சொன்னால் கோபிக்காதீர்கள்: ஈர நாற்றம் போக அந்த அறையில் சாம்பிராணி போட்டோம். இழுப்புக்காரருக்குப் புகையும் ஆகாது. சாமி மேடைக்குப் போடலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்சமாக.

இப்போது என் ஏர்கோன் 26, கூடவே காத்தாடி. முதல் வாரம் வேர்த்தது. அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பாட்டியின் இருமல் முழுசாக நிற்கவில்லை, இன்ஹேலரும் தொடர்கிறது. ஆனால் ராத்திரி எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்து அந்தச் சுவரைப் பார்ப்பது என் வேலை.