பாலத்திற்குப் படைவீரர் பெயர்: பஞ்சாயத்துகள் அறிய வேண்டியவை

கடலூரில் மஞ்சக்குப்பத்திற்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது. பாலத்தின் அருமை வெள்ளக் காலத்தில்தான் தெரியும். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தை நம் மாவட்டத்து விவசாயிகள் மறந்திரார். நாள்தோறும் ஊரைச் சுமந்து நிற்கும் பாலத்திற்கு, நாட்டைக் காக்க உயிர் நீத்த ஊர்ப் பிள்ளையின் பெயரைச் சூட்டலாமா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. சூட்டலாம். ஆயினும் அதை எவ்வாறு செய்வது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல் நமக்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது ஈறாக, நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் மாண்டவன் பெயரையும் அவ்வூர்ப் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கிறது.

இதனோடு வேறொரு கல்லை ஒப்பிட்டு நோக்குக. 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்குப்பின், ஆங்கில அரசு நம் கிராமங்கள் பலவற்றில் கல்வெட்டுப் பதித்தது. இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்பதே அதன் செய்தி. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. மாண்டவர் யார் என்பதை இன்று அக்கல்லிடம் கேட்டறிய இயலாது. பெயர் எழுதுவதன் பயன் இதனால் விளங்கும்.

நம் காலத்தில் இவ்வழக்கம் மீண்டும் தழைத்திருக்கிறது. 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர் நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. அதே போரில் வீழ்ந்த கேப்டன் விக்ரம் பத்ராவின் பெயர் 2019இல் டில்லியில் ஒரு சாலைச் சந்திப்புக்கும் அதன் மேம்பாலத்துக்கும் சூட்டப்பெற்றது. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள் இடப்பட்டன. 1987இல் இலங்கையில் உயிர் நீத்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் அவர்களுள் ஒருவர்.

எச்சரிக்கை

பெயர் ஊரை இணைப்பதும் உண்டு, பிரிப்பதும் உண்டு. கட்டபொம்மனின் படைத்தலைவரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்திற்குச் சூட்டப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அவ்வாண்டே மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்களை அரசு நீக்கிற்று. 1993இல் உருவான நம் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் கடலூர் மாவட்டமாயிற்று. எல்லா உயிரையும் ஒன்றாய்க் கண்ட வள்ளலாரின் பெயரும் பிறருடைய பூசலால் பலகையிலிருந்து இறங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஓர் ஊரில் நாம் கண்டதையும் கூறுவோம். மாண்ட வீரரின் பெயருக்குப்பின் சாதிப் பெயரைச் சேர்க்க ஒரு சாரார் விரும்பினர். மற்றொரு சாரார் பாலமே வேண்டாம் என்றனர். முடிவில் தாயைக் கேட்டோம். பட்டாளத்தில் தன் மகனை எப்பெயரால் அழைத்தார்களோ அதை மட்டும் எழுதினால் போதும் என்றார் அம்மூதாட்டி. இரு சாராரும் மறுமொழி கூறவில்லை.

செய்யும் முறை

1. முதலில் குடும்பத்தாரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறுக. அவர்கள் வேண்டாமெனில் அத்துடன் நிறுத்துக.

2. வீரரின் பதவி, படைப்பிரிவு, உயிர் நீத்த நாள், இடம் ஆகியவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்க. கல்லில் பிழை ஏறினால் திருத்துவது கடினம்.

3. பாலம் யாருடையது என்று அறிக. நெடுஞ்சாலைத் துறையின் பாலமாயின் பஞ்சாயத்தின் தீர்மானம் ஒரு வேண்டுகோளே. அரசின் ஆணை தேவை. ஊர்ச் சாலையிலுள்ள சிறு பாலமாயினும் உரிய அனுமதி பெற்ற பின்னரே கல் நாட்டுக.

4. பொருளை முன்கூட்டி அறிவித்துக் கிராம சபையில் வைத்திடுக. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. எல்லாத் தெருவினரும் வந்திருக்கின்றனரா என்று பார்த்தே தீர்மானம் நிறைவேற்றுக. பாதி ஊர் இல்லாதபோது இட்ட பெயர் பாதி ஊருக்கே உரியதாகும்.

5. கல்லில் சாதியோ, கட்சியோ, திறந்து வைத்தோரின் நீண்ட பட்டியலோ வேண்டா. வீரரின் பெயரைவிடப் பிறர் பெயர் பெரிதாக இருத்தல் முறையன்று.

பராமரிப்பு

கல் நாட்டியதோடு கடமை முடிந்துவிடாது. வடகிழக்குப் பருவமழைக்குமுன் ஆண்டுதோறும் பாலத்தின் கண்களில் அடைத்த செடிகொடிகளையும் வண்டலையும் அகற்றுதல் வேண்டும். கைப்பிடிச் சுவர் உடைந்திருந்தால் உடனே பழுது பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும். வீரரின் பெயரைத் தாங்கிய பாலம் இடிந்து கிடப்பதினும் பெயரில்லாத நல்ல பாலமே மேல். வீரர் உயிர் நீத்த நாளில் பள்ளிப் பிள்ளைகளைப் பாலத்தருகே அழைத்துச் சென்று, அவர் யார் என்று ஆசிரியர் கூறச் செய்யலாம். அப்பிள்ளைகளின் வாயில் அப்பெயர் பழகுமாயின், கல் மங்கினாலும் பெயர் மங்காது. பஞ்சாயத்துகள் இதனை ஊர்க் கடமையாகக் கொண்டு ஆவன செய்தல் வேண்டும்.