வாயிலில் ஒரு கணக்கு

வணிகக் கருத்தரங்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மேடையும் பேச்சாளரும் பொன்னாடையுமே. வாயிலில் போடப்படும் பதிவு மேசையை எண்ணுவோர் சிலரே. ஆயினும் வருகின்ற விருந்தினர் முதலில் காண்பது அம்மேசையைத்தான். வணிகவியல் மாணவராகிய நமக்கு, விருந்தினர் பதிவும் ஒரு கணக்குப் பாடமே என்பதை இங்குக் காண்போம்.

முதலாவதாக, மூன்று எண்களைத் தனித்தனியே பேணுதல் வேண்டும். அழைக்கப்பட்டோர், வர இசைந்தோர், உண்மையில் வந்தோர் என்பனவே அவை. அழைப்பிதழ் அச்சிட முதல் எண் உதவும். நாற்காலிக்கும் மதிய உணவுக்கும் இரண்டாம் எண்ணே அடிப்படை. சான்றிதழ் வழங்குவதற்கும் செலவுக் கணக்கை முடிப்பதற்கும் மூன்றாம் எண் வேண்டும். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் ஒன்று உணவு வீணாகும். இன்றேல் பந்தியில் பற்றாக்குறை நேரும்.

இரண்டாவது, நேரக் கணக்கு. 180 விருந்தினர் 30 நிமிடங்களில் வருவதாகக் கொள்வோம். ஒருவரிடம் பெயரும் முகவரியும் கேட்டு எழுத 1 நிமிடம் ஆகுமெனில், மொத்தம் 180 நிமிட வேலை. 30 நிமிடங்களில் இதனை முடிக்க 6 பேர் தேவை. பெயர்ப்பட்டியலையும் பெயர் அட்டையையும் முன்னாளே எழுதி வைத்துக் கையொப்பம் மட்டும் பெற்றால் ஒருவருக்கு 20 விநாடி போதும். 2 பேரே முடித்துவிடலாம். ஆனால் விருந்தினர் ஒரே சீராக வருவதில்லை. ஒரு பேருந்து நின்றால் இருபது பேர் ஒன்றாக வருவர். தொலைபேசி அழைப்புகள் இவ்வாறு ஒழுங்கின்றி வருவதை டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங் 1909-இல் ஆராய்ந்தார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்தே வளர்ந்தது. எனவே மூன்றாவதாக ஒருவரையும் அமர்த்துதல் அறிவுடைமை.

மூன்றாவது, பட்டியலைப் பகுத்தல். தலைப்பெழுத்தை விடுத்துப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே வரிசைப்படுத்த வேண்டும். ஆங்கில அகரவரிசையில் எழுதும்போது ‘எஸ்’ எழுத்துப் பெயர்கள் நம்மிடையே மிகுதி. ஆதலால் எழுத்துகளைச் சமமாகப் பிரிக்காமல், பெயர்களின் எண்ணிக்கையைச் சமமாகப் பிரித்தலே முறை.

இந்நாளில் இணையவழிப் படிவம் வேலையை எளிதாக்கியுள்ளது. எனினும் கேட்கக் கூடும் என்பதற்காக எல்லாவற்றையும் கேட்டல் தகாது. பெறும் விவரத்தின் நோக்கத்தைச் சொல்லி இசைவு பெறுவதும், தேவையான அளவே பெறுவதும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காட்டும் நெறிகளாகும். பிறந்த நாளும் ஆதார் எண்ணும் ஒரு நாள் கருத்தரங்குக்கு எதற்கு?

இறுதியாக ஒன்று. பட்டியலில் பெயரில்லாமல் வருபவரும் உண்டு. அவர் கடையை ஒருநாள் அடைத்துவிட்டு, வரிக் கணக்கை அறிந்துகொள்ள வந்த சிறு வணிகராக இருக்கலாம். பலர் முன்னிலையில் “உங்கள் பெயர் இல்லையே” என்று அவரை நிறுத்தி வைத்தல் ஆகாது. அவருக்கென ஒரு தனி மேசை, பெயர் எழுதாத சில அட்டைகள், ஓர் இன்சொல் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்தல் வேண்டும். கருத்தரங்கு யாருக்காக நடத்தப்படுகிறதோ, அவரே வாயிலோடு திரும்பிவிட்டால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு நட்டத்திலேயே முடியும் அன்றோ?