மதிய மணி அடித்த பிறகு

ஒரு பள்ளியின் மகிழ்ச்சியை எங்கே காண்பது? ஆண்டு விழா மேடையிலா, தேர்வு முடிவு ஒட்டிய பலகையிலா? அங்கெல்லாம் முகம் மலர்பவர் சிலரே. மதிய மணி அடித்த பிறகு மரத்தடிக்கும் வராந்தாவுக்கும் சென்று பார்ப்போம். யார் யாரோடு உட்காருகிறார்கள்? எவள் தனியே உட்காருகிறாள்? எவள் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் அப்போதே சாப்பிட்டாயிற்று" என்று சொல்லிப் போகிறாள்?

இப்படிப் பார்க்கக் கற்றுத் தந்தவர்களுள் ஒருவர் புனித தொன் போஸ்கோ. 1884 மே மாதம் உரோமையிலிருந்து துரின் நகரிலுள்ள தம் இல்லத்தாருக்கு அவர் ஒரு நீண்ட மடல் எழுதினார். தாம் கண்ட கனவை அதில் விவரிக்கிறார். ஒரே விளையாட்டுத் திடலை இரு காலங்களில் காண்கிறார். பழைய நாள்களில் ஓட்டமும் பாட்டும் ஆரவாரமும். குருக்களும் பிள்ளைகளின் நடுவிலேயே இருக்கிறார்கள். பிந்தைய காட்சியில் சிலர் தூணில் சாய்ந்து தனியே நிற்கிறார்கள். பெரியவர்களோ தங்களுக்குள் பேசியபடி உலாவுகிறார்கள். ஒழுங்கு கெட்டுவிட்டது என்பதல்ல அவருடைய வருத்தம். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே மடலின் சாரம். அந்தத் தூணில் சாய்ந்த பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக 2025இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அவர்களில் இளையோர் பலர்.

நம் தமிழ்நாட்டிலோ ஒரு பள்ளி சாப்பாட்டுப் பந்தியினாலேயே நிலைகுலைந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம் அது. ஐயர் நாட்டுக்காகச் சிறை சென்றவர், கல்விமான். ஆயினும் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உண்ண அங்கே இடம் கொடுக்கப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் ஈ.வெ.ராமசாமியும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே அந்த விவகாரம் உலுக்கியது. நல்லவர் நடத்திய பள்ளிதான். நல்ல நோக்கமும் இருந்தது. தனி இலை போட்டதை அவை ஈடுசெய்யவில்லை.

அதற்கு முன்பே, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தர முடிவு செய்திருந்தது. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் அதை மாநிலமெங்கும் வளர்த்தனர். பசியாற்றுவதுதான் முதல் நோக்கம். ஆனால் ஒரே வரிசையில், ஒரே பானைச் சோற்றைத் தட்டில் வாங்கி உண்பது தானே ஒரு பாடமாயிற்று. காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 ஜூலை 15 அன்று அது தொடங்கியது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்.

வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரும் இடத்தில்தான் சிக்கல் அதிகம். சீருடை வேற்றுமையை மறைக்கும்; டப்பாவின் மூடி மறைக்காது. நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. விமானப்படை நிலையமும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் இருக்கின்றன. வேலை தேடியும் மாற்றலாகியும் எல்லாத் திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. எனவே ஒரு வகுப்பில் எலுமிச்சைச் சாதம், புட்டு, சப்பாத்தி, கோங்குரா எல்லாம் திறக்கும். கேழ்வரகுக் களியும் கருவாடும் திறக்காது. பாதி மூடியபடியே காலியாகும். யாராவது ஒருத்தி மூக்கைப் பிடித்துச் சிரித்தாள் என்றால், மறுநாள் அந்த டப்பா பள்ளிக்கே வராது. குழாயடித் தண்ணீரின் கதை பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது.

பகிர்ந்து கொடுப்பதே மருந்து என்று உடனே சொல்லத் தோன்றும். நாம் அதற்கு ஒரு திருத்தம் சொல்வோம். கொடுப்பவள் எப்போதும் மேலே நிற்கிறாள், வாங்குபவளுக்குக் கூச்சம். இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்தபோது முதலில் எதுவும் கொடுக்கவில்லை. அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. கேட்டதிலிருந்தே உரையாடல் பிறந்தது. ஆகவே, "இந்தா, சாப்பிடு" என்பதைவிட, "உன் துவையலில் கொஞ்சம் தா" என்பது சில வேளைகளில் பெரிய உதவி.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மாலையில் வீடு வந்த மகளிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன் "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்கலாம். பதில் வரத் தாமதமானால், அதுவும் ஒரு பதிலே. ஆசிரியைகளும் அருட்சகோதரியரும் மதியத்தில் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி வந்தால், தூணில் சாய்ந்தவள் யார் என்று தெரிந்துவிடும். எல்லார் முன்னிலும் அவள் பெயரைச் சொல்லி, "இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் உத்தரவிட வேண்டாம்! தனியே இருக்கப் பிடித்தவளும் உண்டு. புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவளை இழுத்து வருவது அன்பாகாது.

பள்ளி ஆண்டின் நடுவில் மாற்றலாகி வரும் மாணவிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். குழாய் எங்கே, கோயில் எங்கே என்று காட்டியதோடு திரும்பிவிடாமல் அவளோடு உட்காருவோம். அவள் டப்பாவில் இருப்பதற்கு அவளுடைய மொழியில் என்ன பெயர் என்று கேட்போம். சொன்னதும் ஒரு வாய் கேட்போம்.