பொம்மைப் புகைவண்டியின் குரல்

பாம்பன் கடலோரத்திற் பிறந்தார்க்குப் புகைவண்டி முதலிற் செவிக்கும் பின்னரே கண்ணுக்கும் புலனாவதொன்று. எம்மூர் தங்கச்சிமடம். மீன்பிடித் தொழிலில் முதுமையெய்திய எம் பாட்டனார், வண்டி மண்டபத்துக் கரையில் நிற்கின்றதா, பாலத்தின்மேல் ஊர்கின்றதா, தீவின் மணலில் இறங்கிவிட்டதா என்பதைப் படகிலிருந்தவாறே கண்மூடிக் கூறுவார்.

இவ்வாண்டு நம் கல்லூரிப் பௌதிக மாணவர் சிலர் பழைய பாம்பன் பாலத்தின் மாதிரியொன்று சமைத்து, அதன்மேல் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவினதாகிய பொம்மை வண்டியை ஓட்டினர். பாலம் முழுவதும், அதாவது 2,065 மீட்டரும், அவ்வளவிற் சமைக்கப் புகின் 23 மீட்டருக்கு மேல் நீளும். ஆதலின் கப்பலுக்கு வழிவிடும் இருசிறகுத் தூக்குப்பகுதியையும் அதன் இருமருங்கும் சில கண்களையுமே அமைத்தனர். பெயர்ப்பலகைக்குத் தமிழ் எழுதித் தருமாறு என்னை அழைத்தனர். சென்றவிடத்து, வண்டிக்கு எவ்வகைக் குரல் அமைப்பது என்பதுபற்றி அவர்க்குள் பெருவழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. பலகை எழுதச் சென்றவன் வழக்கில் அகப்பட்டுக்கொண்டேன்.

அன்று கண் வைத்தியத்திற்காக ஊரிலிருந்து வந்திருந்த பாட்டனாரையும் உடனழைத்துச் சென்றிருந்தேன். நண்பர்கள் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, நீராவி எஞ்சினின் ஓசையை அதிலிருந்து முழக்கினர். வண்டி வளைவில் தடைப்பட்டு நின்றது. ஓசையோ நில்லாது விரைந்தது. "என்னப்பா இது, வண்டி நிக்கிது, சத்தம் மட்டும் ஓடுது?" என்றார் பாட்டனார். அனைவரும் நகைத்தனர். எனினும் அவர் சொற்றதே அவ்வழக்கின் உயிர்நிலை என்பது எனக்குப் பின்னர் விளங்கிற்று.

பொம்மை எஞ்சினுக்குக் குரல் தந்த முறைகள் பெரும்பான்மையும் மூன்றனுள் அடங்கும். முதலாவது, பொறியின் அசைவாலேயே ஒலி எழுப்புவது. அமெரிக்காவின் லயனல் கம்பெனியார் 1935-இல், எஞ்சினின் பின்னுள்ள டெண்டர் என்னும் கரிவண்டிக்குள் சிறு மோட்டாரும் விசிறியும் வைத்து, விசிறி தள்ளும் காற்றை ஊதுகுழலறையிற் செலுத்திக் கூவச் செய்தனர். தண்டவாளத்தில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். பொத்தானை அழுத்தின் அதனோடு ஒருதிசை மின்னோட்டமும் கலக்கும். அதனை உணர்ந்த விசை ஊதுகுழலை இயக்கும். இக்கூவல் பதிவன்று, புல்லாங்குழல் போல மெய்க்காற்றின் குரலே. இந்நேர்மை எனக்கு மிகவும் உவப்பானது. ஆனால் ஊதுகுழல் எஞ்சினின் அழைப்பேயன்றி அதன் மூச்சன்று. மூச்சைப் போலி செய்தற்குச் சிலர் சக்கரத்தின் அச்சோடு உப்புத்தாளை உராயவிட்டனர். எழுந்தது அம்மி பொளியும் ஓசையே!

இரண்டாவது முறை, மின்னணுக் கருவியால் 'உஸ்' என்னும் இரைச்சலை ஆக்கி, அச்சிற் பொருத்திய தொடுமுனைகளால் அதனைத் துண்டு துண்டாக வெட்டி விடுவது. மூன்றாவது, மெய்யெஞ்சினின் ஓசையைப் பதிவு செய்து, சிறு சில்லில் அடக்கி, எஞ்சினுள் அமர்ந்த டிகோடர் என்னும் கருவியால் வேண்டும்போது ஒலிப்பிப்பது. இக்கருவிகள் கட்டளை பெறும் எண்முறைக்கு, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தார் வகுத்ததைத் தழுவி, அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தார் 1990-களின் நடுவிற் பொதுவிதி செய்தனர். நண்பர்கள் மேசைமேல் வைத்த பெட்டியோ இம்மூன்றனுள் ஒன்றுமன்று. பதிவு உண்டு, வண்டியோடு உறவில்லை.

இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு விடை காண, மெய்யெஞ்சின் ஏன் ஒலிக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரண்டு உருளைகளையுடைய நீராவி எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனையும் நீராவி முன்னும் பின்னுமாக இருமுறை தள்ளுகின்றது. ஆகவே சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் நீராவி புகைபோக்கி வழியே நான்குமுறை வெளிப்படும். தமிழ் பயில்வோன் ஆதலின் எனக்கு அது நாற்சீர் கொண்ட அளவடியாகவே தோன்றுகின்றது. மீட்டர் பாதையில் இந்தியாவெங்கும் ஓடிய ஒய்.பி. வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் இயக்குசக்கரத்தின் விட்டம் 4 அடி 6 அங்குலம்; சுற்றளவு ஏறத்தாழ 4.3 மீட்டர். அத்தகையதொன்று பாம்பன் பாலத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதாகக் கொள்ளின், நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுழற்சி, நான்கு மூச்சு. கரையினின்று கரை சேர்வதற்குள் 1,900-க்கு மேற்பட்ட மூச்சுகள்! சுமை மிகின் மூச்சு ஆழும். ஓட்டுநர் நீராவியை அடைத்துவிடின் மூச்சு அடங்கி, இரும்புத்தண்டுகளின் கிணுகிணுப்பே எஞ்சும்.

இவ்வளவையில் நோக்கின், இரண்டாம் முறையின் இரைச்சல் எத்துணை வறியதாயினும், சக்கரம் நிற்பின் அதுவும் நிற்கும். சக்கரம் விரையின் அதுவும் விரையும். தாளம் உண்டு, குரல்தான் இல்லை. மேசைமேற் பெட்டிக்கோ குரல் உண்டு, தாளம் இல்லை. தளை தட்டிய செய்யுள் இனிய குரலிற் பாடப்படுவதினும், தளை பிழையாத செய்யுள் கரகரத்த குரலிற் பாடப்படுவதே மேல் என்பது என் கருத்து. நண்பருள் இருவர் இதனை இன்னும் ஒப்பவில்லை.

மூன்றாம் முறை இரண்டையும் சேர்க்க வல்லது. நல்ல டிகோடர், மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கணப்பொழுது நிறுத்துகின்றது. அக்கணத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் மோட்டார் தானே ஒரு சிறு டைனமோவாகி மின்னழுத்தம் தருகின்றது. அதனை அளந்து சக்கரத்தின் வேகத்தையும், அவ்வேகத்தைக் காக்க எவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கின்றது என்பதனால் சுமையையும் கருவி அறிந்துகொள்கின்றது. ஏற்றத்தில் மூச்சு கனத்தும், இறக்கத்தில் அடங்கியும் ஒலிப்பது இவ்வாறே. இன்னுமொன்று: ஒரே மூச்சைப் பதிந்து ஓயாது ஒலிப்பிப்பின் செவி விரைவில் அதன் பொய்மையைக் கண்டுகொள்ளும், மெய்யெஞ்சினின் நான்கு மூச்சும் ஒரு தன்மையவல்ல. ஆதலின் தேர்ந்த கருவிகளில் பல மூச்சுகளைப் பதிந்து மாற்றி மாற்றி விடுவர். தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறும் இரட்டைக்கிளவி ஈண்டு நினைவுக்கு வருகின்றது. நம்மவர் 'குபுகுபு' என்றனரேயன்றிக் 'குபு' என்று நிறுத்தினாரில்லை.

டீசல் எஞ்சினுக்கு வருங்கால் இவ்விதி தலைகீழாகின்றது. அதில் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகின்றது. மின்னாக்கியின் மின்சாரமே அச்சுகளிலுள்ள மோட்டார்களைச் சுழற்றுகின்றது. ஓட்டுநர் கைப்பிடியில் எட்டுப் படிகள். ஆகவே குரல் சக்கரத்திற்கு அன்று, ஓட்டுநர் கைக்கே கட்டுப்பட்டது. வண்டி அசையுமுன்னரே குரல் உயரும்; வண்டி விரைந்தோடும்போதே குரல் தாழ்தலும் கூடும். மீட்டர் பாதையின் ஒய்.டி.எம்.-4 எஞ்சின் ஆறு உருளைகளையுடைய ஆல்கோ 251 வகை, நான்கடிச் சுழற்சியினது. நிமிடத்துக்கு 400 சுற்றாக ஓய்ந்திருக்கும்போதே நொடிக்கு இருபது வெடிப்புகள் நிகழ்வதால் செவி எண்ண இயலாது, உறுமலாகவே கேட்கும். இவ்வுறுமலைச் சக்கரத்தோடு பிணைக்கும் மலிவான கருவிகள் சில உள. அவை நீராவி இலக்கணத்தை டீசலுக்கு ஓதுவனவாகும்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சிறிது. எஞ்சினுள் இடம் விரலளவே. அத்துணைச் சிறு பெருக்கியிற் கனத்த ஓசை பிறவாது. மேசையின்கீழ்ப் பெரும் பெருக்கி வைப்பின் கனம் கிட்டும். ஆனால் ஓசை வண்டியோடு நகராது. பாம்பனுக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் துணிபு. ஏனெனின் அங்கே ஒலிப்பது எஞ்சின் மட்டுமன்று, பாலமும் ஒலிக்கின்றது. கரையிற் சல்லிக்கற்களும் மண்ணும் விழுங்கும் அதிர்வைப் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் விழுங்காமற் கடலின்மேற் பரப்பும். 'தடதட' என்பது எஞ்சினின் சொல் அன்று, இரும்பின் சொல். பாட்டனார் கண்மூடி அறிந்தது இவ்வேறுபாட்டையே. ஆதலின் எஞ்சினின் மூச்சு எஞ்சினுள்ளும், உத்திரங்களின் ஓசை பாலத்தின் அடியிலும் வைக்கப்பட்டன. வண்டி பாலத்தில் ஏறும்போது மட்டும் கீழ்ப்பெருக்கி திறக்குமாறு தண்டவாளத்தில் ஓர் உணர்கருவி பொருத்தினர்.

எஞ்சிய குறை ஒன்றே, அது சிறிதன்று. கடைகளிற் கிட்டும் பதிவுகளிற் பெரும்பாலன அமெரிக்க, ஜெர்மானிய எஞ்சின்களின் குரல்கள். ஆல்கோ 251 அமெரிக்காவிற் பிறந்ததாகலின் உறுமல் ஓரளவு பொருந்துகின்றது. ஆனால் மூன்றும் ஐந்துமான ஊதுகுழல்கள் ஒருங்கிசைக்கும் அமெரிக்கக் கூவலைக் கேட்டவுடன் பாட்டனார் முகஞ்சுளித்து, "இது நம்ம பக்கத்து வண்டி இல்லப்பா" என்றார்.

பாம்பனில் மீட்டர் பாதை 2007-இல் அகலப்பாதையாயிற்று. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலம் வழங்குகின்றது. பழைய உத்திரங்களின்மேல் வண்டியோசையை இனிப் பதிவு செய்ய வழியில்லை. புதிய பாலத்தின்மேல் டீசல் எஞ்சின் கூவும் ஓசையையேனும் வரும் விடுமுறையிற் பாட்டனார் படகிலிருந்து பதிந்து வருவதென நண்பர் இருவரும் யானும் உறுதி செய்துள்ளோம். காற்று எத்திசையில் வீசும் நாளிற் செல்ல வேண்டும் என்பதை அவரே சொல்வதாகக் கூறியிருக்கின்றார்.