ஓடை நீரைக் கண்காணித்தல்
தொண்டர் குழுக்களுக்கு ஒரு பாடம்

மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலை மாவட்டத்தில் லுகா என்னும் ஆறு ஓடுகிறது. 2007ஆம் ஆண்டையொட்டிக் குளிர்காலத்தில் அதன் நீர் ஆழ்ந்த நீல நிறம் கொண்டது; மீன்கள் மடிந்து மிதந்தன. பின்வந்த குளிர்காலங்களிலும் இதே காட்சி காணப்பட்டது. முதன்முறை காண்போர்க்கு அந்நீலம் அழகாகவே தோன்றும். ஆயின், அவ்வாற்றின் மீனை நம்பி வாழ்ந்தோர்க்கு அது பிழைப்பின் முடிவாக அமைந்தது. மேற்பகுதியிலுள்ள நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமில நீரே இதற்கு முதன்மையான காரணமென மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருதியது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயாவில் 'எலிவளை' முறையில் நிலக்கரி தோண்டுவதைத் தடை செய்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டிய முதற்பாடம், தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பதாம். அந்நிலக்கரியில் கந்தகம் மிகுதி. அதனோடு கலந்திருக்கும் பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகப் பொருள், காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலமாகவும் இரும்பு உப்பாகவும் மாறுகிறது. அமிலம் மிகுந்த நீரில் மிதக்கும் மண் துகள்கள் ஒன்றுகூடிப் படிந்துவிடுவதும், பாசி முதலிய நுண்ணுயிர்கள் குன்றிவிடுவதும் உண்டு. ஆகவே உயிரற்ற ஓடை, உயிருள்ள ஓடையைவிடத் தெளிவாகத் தோன்றக்கூடும். கண்ணை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். அளந்து பார்ப்போர் ஏமாறார்.

தொண்டர்கள் ஏன் வேண்டும்?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மத்திய, மாநில வாரியங்கள் அமைக்கப்பட்டன. பெரிய நதிகளிலும் முக்கியமான நீர்நிலைகளிலும் வாரியங்களின் நிலையங்கள் உள்ளன. ஆனால், ஒரு நதி நூற்றுக்கணக்கான சிற்றோடைகளால் ஆனது. அவ்வோடைகள் அனைத்திற்கும் மாதந்தோறும் அதிகாரி ஒருவர் செல்லுதல் இயலாது. ஓடைக் கரையிலேயே வாழும் மாணவர்க்கும் களப் பணியாளர்க்கும் அஃது இயலும். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிப்பதற்கான ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அது குடிநீர்க்காக ஏற்பட்டதாயினும், சாதாரணக் கல்வியுடையோரும் முறையாகப் பயின்றால் நீரைச் சோதிக்க இயலும் என்னும் கருத்தே அதற்கு அடிப்படை.

இடமும் நேரமும்

முதலில் ஓர் ஓடையில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முதலாவது, ஊருக்கும் வயலுக்கும் ஆலைக்கும் மேலே உள்ள இடம். இரண்டாவது, கழிவு கலக்குமிடத்திற்குச் சற்றுக் கீழே. மூன்றாவது, அதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே. மேலிடத்து அளவே நமது ஒப்புநோக்கும் கோல். அஃதின்றிக் கீழிடத்து அளவுக்குப் பொருள் இல்லை.

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேரத்தில் அளத்தல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பகலில் நீர்த் தாவரங்கள் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் அனைத்துயிரும் அதனை உட்கொள்ளுகின்றன. எனவே நீரில் கரைந்த பிராணவாயு விடியற்காலையில் மிகக் குறைந்தும், பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் அளந்துவிட்டு, ஓடை திருந்திவிட்டது என்று மகிழ்வது பேதைமை.

நான்கு எளிய அளவைகள்

1. வெப்பநிலை. வெப்பமானியை நிழலில், ஓடும் நீரில் இரண்டு நிமிடம் வைத்து, நீரிலிருந்து எடுக்காமலே படிக்க வேண்டும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. கடல்மட்டத்தில், 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே ஏற்கும். உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவாதலின் இவ்வளவு மேலும் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். மலைநாட்டு ஆசிரியர் இதனை மறந்தால், நல்ல ஓடையைக் கெட்டதென்று எழுத நேரும்.

2. அமில காரத் தன்மை. இதனைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இவ்வெண்ணில் ஒரு படி குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியதாகும். ஆகவே பி.எச். 4 உள்ள நீர், 7 உள்ள நீரைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை உடையது. 5க்குக் கீழே பெரும்பாலான மீன்கள் வாழா. இதனை அளக்க வண்ணத்தாளே போதும். தாளை நனைத்தபின், அதன் உறையில் குறித்த நேரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஈரமான கையால் தாளைத் தொடலாகாது.

3. கரைந்த பிராணவாயு. லாயோஷ் விங்க்ளர் என்னும் ஹங்கேரிய இரசாயன அறிஞர் 1888இல் கண்ட முறை இன்றும் பயன்படுகிறது. 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி ஒன்றும் தங்காதவாறு நிரப்பி மூட வேண்டும். பின்னர் மாங்கனீஸ் சல்பேட்டுக் கரைசலும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் வகைக்கு 2 மில்லிலிட்டர் சேர்த்து, மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பு நிற வண்டல் தோன்றினால் பிராணவாயு உண்டு. வெள்ளையாகவே நின்றால் பெரும்பாலும் இல்லை எனலாம். இவ்வொரு காட்சியே மாணவர் மனத்தில் என்றும் நிற்கும். வண்டல் படிந்தபின் 2 மில்லிலிட்டர் கந்தக அமிலம் சேர்த்துக் கரைத்து, அதில் 200 மில்லிலிட்டர் எடுத்து, நாற்பதில் ஒரு பங்கு நார்மல் வலிமையுள்ள சோடியம் தயோசல்பேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். வெளிறிய மஞ்சளானதும் சிறிது ஸ்டார்ச்சுக் கரைசல் சேர்த்தால் நீலமாகும். அந்நீலம் மறையும்வரை செலவான தயோசல்பேட்டு மில்லிலிட்டர் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை மில்லிகிராம் பிராணவாயு ஒரு லிட்டர் நீரில் உள்ளது. அமிலத்தை ஆசிரியரே கையாள வேண்டும். மாணவர் கையில் கொடுத்தலாகாது. எஞ்சிய கரைசலை ஓடையில் ஊற்றாமல் தனிப் பாத்திரத்தில் சேர்த்துத் திருப்பிக் கொணர்தல் கடமை.

4. மலக் கலப்பு. இதற்கு நம் நாட்டிலேயே ஓர் எளிய சோதனை வகுக்கப்பட்டது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் 1982இல் இதனை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாளுள்ள தூய்மையாக்கிய புட்டியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலத்தோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குதலால் நீர் கறுக்கும். இது 'உண்டு, இல்லை' என்று மட்டுமே கூறும். எத்துணை என்று கூறாது. கறுக்காத நீர் முற்றிலும் தீங்கற்றது என்றும் இதனால் உறுதி சொல்லலாகாது.

கல்லடியில் வாழும் சாட்சிகள்

இரசாயனச் சோதனை அந்த நிமிடத்தின் நிலையையே கூறும். இரவில் கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் அடைத்துவிட்டால், பத்து மணிக்கு வரும் தொண்டர்க்கு அது தெரியாது. ஆனால் ஓடையின் கற்களுக்கு அடியில் பல மாதம் வாழும் சிறு பிராணிகள் அதனை அறியும்.

ஆழமற்ற, விரைந்து ஓடும் இடத்தில் வலையைக் கீழ்ப்புறம் பிடித்துக்கொண்டு, மேற்புறத்துக் கற்களைப் புரட்டித் தேய்த்தால் அவை வலையில் சேரும். வெள்ளைத் தட்டில் இட்டுப் பார்க்கலாம். மூன்று வால் இழைகளும் வயிற்றின் இருபுறமும் செவுள்களும் உடையது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம் பருவம். இரண்டு வால் இழைகள் உடையது ஸ்டோன்ஃப்ளை. மணலாலும் குச்சியாலும் கூடு கட்டி அதனுள் வாழ்வது கேடிஸ் புழு. இம்மூன்றும் பொதுவாகப் பிராணவாயு நிறைந்த நீரையே விரும்புவன. மேஃப்ளை வகைகளிற் பல, அமிலத்தையும் தாங்கமாட்டா. இவை மறைந்து, செந்நிறப் புழுக்கள் மட்டும் மலிந்திருந்தால், அங்கே அழுகும் பொருள் மிகுந்து பிராணவாயு குன்றியது என்று ஐயுறலாம். அப்புழுவின் சிவப்பு, நமது இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபினால் ஆனது. குறைந்த பிராணவாயுவையும் பற்றிக்கொள்ள அஃது உதவுகிறது.

ஒன்று நினைவிருத்தல் வேண்டும். வெப்பமான சமவெளி ஓடையில் ஸ்டோன்ஃப்ளை இயல்பாகவே அரிது. ஆகவே குளிர்நாட்டு நூலோடு ஒப்பிடாமல், நமது ஓடையின் மேலிடத்தோடு கீழிடத்தை ஒப்பிடுக. பார்த்து எண்ணியபின் பிராணிகளை ஓடையிலேயே விட்டுவிடுக.

ஓர் எடுத்துக்காட்டு

பயிற்சிக்காகப் பின்வரும் அளவுகளைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு காலையில் மேலிடத்தில் பிராணவாயு லிட்டருக்கு 7.8 மில்லிகிராம், கழிவுக் கால்வாய்க்கு நூறு மீட்டர் கீழே 6.1, ஒரு கிலோமீட்டர் கீழே 3.9. மாணவன் ஒருவன், "இரண்டாம் இடத்திற்கும் மூன்றாம் இடத்திற்கும் நடுவேதான் பெருங்கழிவு கலக்கிறது" என்பான். இது சரியா?

சரியாக இருக்கலாம்; ஆனால் இதனால் மட்டும் அதனைக் கூற இயலாது. கழிவு கலந்தவுடனே பிராணவாயு முழுதும் குறைவதில்லை. பாக்டீரியாக்கள் அக்கழிவை உண்டு பெருகும்போதே அது செலவாகிறது. அதற்குள் நீர் நெடுந்தூரம் ஓடிவிடுகிறது. ஆகவே மிகத் தாழ்ந்த அளவு, குற்றம் நிகழ்ந்த இடத்தில் அன்றி அதற்குக் கீழே தோன்றுதல் இயல்பு. ஐயத்தைத் தீர்க்க வழி யாது? இரண்டுக்கும் நடுவே கரையோடு நடந்து வேறு கால்வாய் உண்டா என்று பார்த்தல் ஒன்று. இரண்டாம் இடத்து நீரைப் புட்டியில் நிரப்பி, 27 டிகிரியில் மூன்று நாள் இருளில் வைத்து, எத்துணைப் பிராணவாயு செலவாயிற்று என்று ஆய்வுக்கூடத்தில் காணுதல் மற்றொன்று.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, குளிக்கத்தக்க நீரில் பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது, மீன் வளத்திற்கு 4க்குக் குறையலாகாது, இரண்டிற்கும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். நமது மூன்றாம் இடம் மீனுக்கும் ஆகாத நிலையில் உள்ளது. ஆயினும் ஒரு நாளைய அளவைக்கொண்டு முடிவு கட்டலாகாது.

பதிவேடு

நாள், நேரம், அளந்தவர் பெயர், முந்திய இரு நாட்களின் மழை, நீரின் ஆழம், நிறம், மணம், நான்கு அளவைகள், கண்ட பிராணிகள் ஆகிய அனைத்தையும் ஓடைக் கரையிலேயே மையினால் எழுத வேண்டும். தவறாக எழுதியதை அழிக்காமல், ஒரு கோடிட்டு அருகே திருத்துக. சோதனை நடவாத மாதத்திற்கு 'நடைபெறவில்லை' என்று எழுதுக, ஊகத்தால் நிரப்பற்க. எதிர்பாராத எண் கிடைத்தால் அதனை மறைத்தலும், எதிர்பார்த்த எண்ணுக்காக மறுபடி மறுபடி அளத்தலும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். ஐயம் எழுந்தால் வேறொருவர் புதிய நீரில் ஒருமுறை அளக்கட்டும். இரு எண்களையும் எழுதுக.

மற்றொன்றையும் தொண்டர் தெளிவாக உணர்தல் நன்று. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, கழிவு நீர் பற்றிய வழக்கில் சான்றாக நிற்பதற்கு, வாரியத்தார் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, நீரை இரு பகுதியாக்கி முத்திரையிட்டு எடுத்த மாதிரியே வேண்டும். நமது புட்டி அதற்கு ஈடாகாது. ஆகவே எவர்மீதும் குற்றம் சாட்டுதல் நமது பணியன்று. "இந்த இடத்தில், இந்த மாதங்களில், இந்த நேரத்தில் வந்து பாருங்கள்" என்று வாரியத்திற்கும் ஊராட்சிக்கும் காட்டுதலே நமது பணி. அது சிறிய பணியன்று. எப்பொழுது, எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாமையாலேயே பல தீமைகள் நெடுங்காலம் காணப்படாமல் நிற்கின்றன.

ஓர் ஆற்றின் மீன்கள் மடிந்தபின், "முன்பு இவ்வாறு இல்லை" என்று முதியோர் கூறுவர். அது மெய்யாகவே இருக்கும். ஆயினும் முன்பு எவ்வாறு இருந்தது என்று கேட்கும் அதிகாரிக்குக் காட்ட அவர்களிடம் எண் இராது. ஓடை நன்றாக இருக்கும்பொழுதே அளக்கத் தொடங்குவதன் பயன் இதுவே. நல்ல நீரைப் பற்றிய பதிவேடு வீண் வேலை என்று எவரேனும் கூறினால், ஆசிரியர் இவ்விடையைக் கூறலாம்.

மாணவர்க்குச் சில வினாக்கள்

1. ஒரே ஓடையில் மே மாதத்தில் பிராணவாயு 6.8, ஜனவரியில் 8.4. மாசு குறைந்தது என்று கூறலாமா? வேறு எதனை அறிந்தபின் விடை கூறலாம்?

2. மிகத் தெளிந்த ஓடையில் பி.எச். 4, கற்களில் செம்பழுப்புப் படிவு உள்ளது. இப்படிவு எதனால் ஆனதாக இருக்கலாம்?

3. இரசாயன அளவைகள் யாவும் நன்றாக உள்ளன. ஆனால் மேலிடத்தில் உள்ள மேஃப்ளை கீழிடத்தில் இல்லை. அடுத்த சோதனையை எந்நேரத்தில் செய்வீர்? ஏன்?