இணையப் பக்கம் அமைக்கக் கற்போம்: பொது நிரல்களும் நம் கடமையும்

ஏரி நீர் ஊருக்குப் பொது. அந்நீரைப் பாய்ச்சிக்கொள்வோர் கரையைச் செப்பனிடவும் வாய்க்காலைத் தூர் வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பிய குடிமராமத்து முறையை நம் விவசாயிகள் நன்கு அறிவர். பயன் பெறுபவரே பேணவும் வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நாடி. இணையப் பக்கங்களை அமைக்கும் கலையும் இன்று இவ்வாறே பொதுவில் வளர்ந்து வருகிறது. நம் கிராமத்து இளைஞரும் இளம் பெண்களும் அதனைப் பயிலும் முறை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

பொதுவானது எவ்வாறு?

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்திலிருந்து தோன்றியதே உலகளாவிய வலை. 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம் அதன் அடிப்படை நிரல்களைப் பொதுச் சொத்தாக்கி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது.

மற்றொரு வசதியும் உண்டு. இணையப் பக்கங்களைக் காட்டும் பிரௌசர் என்னும் உலாவியில், ஒரு பக்கத்தின் மூல நிரலையும் திறந்து பார்க்கலாம். பிறர் நெய்த சேலையின் ஊடும் பாவும் பார்த்து நெசவு பயில்வது போன்றது இது.

கற்க வேண்டியவை மூன்று

பயனர் காணும் முகப்பை அமைக்க மூன்று மொழிகள் தேவை. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று உலாவிக்கு உணர்த்துவது ஹெச்.டி.எம்.எல். எழுத்தின் அளவையும் வண்ணத்தையும் இடத்தையும் வகுப்பது சி.எஸ்.எஸ். பொத்தானை அழுத்தியவுடன் நிகழ வேண்டியதை நிகழ்த்துவது, 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட்.

மொஸில்லா நிறுவனம் 2005-இல் தொடங்கிய எம்.டி.என். தளத்தில் இம்மூன்றுக்கும் விரிவான விளக்கங்கள் உள்ளன. தன்னார்வலர் பலரும் அவற்றை எழுதியும் திருத்தியும் வருகின்றனர். 2014-இல் தொடங்கப்பெற்ற ஃப்ரீகோட்கேம்ப், படிப்படியான பயிற்சிகளை இலவசமாக அளிக்கிறது. இவை முதன்மையாக ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், மூவர் நால்வராகக் கூடி ஒருவர்க்கொருவர் விளக்கிப் பயில்வது நலம்.

பயிலும் முறை

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தை அறிவிக்கும் பக்கம் ஒன்றை முதற்பாடமாகக் கொள்வோம். பிறர் நிரலை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொரு வரியையும் தம் கையால் தட்டச்சு செய்தல் வேண்டும். பின்னர் ஒரு வரியை மட்டும் மாற்றியும், நீக்கியும், விளைவைக் காண வேண்டும். எந்த வரி எதற்கு என்பது அப்போது மனத்தில் பதியும்.

இரண்டு வரிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். எழுத்துமுறை யூ.டி.எஃப்-8 என அறிவிக்கும் வரி இல்லாவிடில், தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். திரையின் அகலத்திற்கேற்பப் பக்கத்தை அமைக்குமாறு கூறும் 'வியூபோர்ட்' வரி இல்லாவிடில், கைப்பேசியில் எழுத்துகள் கடுகெனச் சிறுத்துவிடும். அலுவலகக் கணினியில் அழகாய்த் தோன்றி, விவசாயியின் கைப்பேசியில் படிக்க இயலாத அறிவிப்பால் யாது பயன்? ஆகவே, பக்கத்தைச் சிறிய கைப்பேசியிலும் சோதித்துப் பார்த்தல் அவசியம்.

அறியாமல் எடுப்பதன் தீங்கு

2016 மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததொன்று நமக்குப் படிப்பினை. சொல்லின் இடப்புறம் இடைவெளி நிரப்பும் 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரலை, அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள் பணிகள் உடனே தடைப்பட்டன. அந்நிரல் மீண்டும் சேர்க்கப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. தம் பணி இச்சிறு நிரலைச் சார்ந்திருந்ததைப் பலர் அறிந்திருக்கவே இல்லை. மதகு எங்குள்ளது என்றறியாமல் பாசனம் செய்வதை இஃது ஒக்கும்.

இலவசம் எனினும் நிபந்தனை உண்டு. எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியான நிரலை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். ஆயின் ஆசிரியரின் உரிமைக் குறிப்பை நீக்கலாகாது. சத்திரத்துக் கல்வெட்டில் கொடையாளர் பெயரைச் சுரண்டி எடுப்பது முறையாகுமோ?

ஊராட்சியின் பங்கு

பிள்ளைகளின் கணினிப் படிப்புக்காக ஆட்டையும் மாட்டையும் விற்கும் பெற்றோர் உண்டு. ஆசிரியரின் உழைப்புக்கு ஊதியம் அளிப்பது நியாயமே. எனினும், பாடங்கள் பொதுவில் கிடைக்கின்றன என்பதை அறிந்த பின்னரே கட்டணத்தை முடிவு செய்தல் வேண்டும். சில வாரங்களில் உத்தியோகம் நிச்சயம் என்பாரை நம்பிக் கடன்படலாகாது. இக்கலை கைவரப் பல மாதப் பயிற்சி தேவை.

ஊராட்சி உறுப்பினர்கள் ஓர் அறை, ஒரு கணினி, இணைய இணைப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் ஆகியவற்றுக்கு வழி செய்வார்களாயின், நல்லதொரு தொடக்கம் ஆகும். பெண்களும் அச்சமின்றி வந்து செல்லத்தக்க நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பயின்றவர்க்கும் கடன் உண்டு. தாம் கண்ட பிழையைத் திருத்தி அனுப்பலாம். கற்றதைத் தமிழில் எழுதி வைக்கலாம். அடுத்து வருபவர்க்குக் கற்பிக்கலாம். தூர் வாரும் ஊரிலேதான் ஏரி நிலைக்கும். இப்பொது அறிவைப் பெற்றுப் பயனடையும் நாம், அதனை வளர்ப்பதிலும் பங்கு கொள்வோமாக.