தேய்ந்த சப்பாத்தும் புதிய அடித்தோலும்

யோசுவாவின் பாளயத்துக்கு வந்த கிபியோனியர், தாம் நெடுந்தூரத்தினின்றும் வந்தவரென நம்பச்செய்யும் பொருட்டு, ஒட்டுப்போட்ட பழம் பாதரட்சைகளை அணிந்து வந்தனர் என்பது வேதசரித்திரம். அவற்றை அணிந்தோர்க்குக் கால் நொந்ததோ இல்லையோ, அதுபற்றி அங்கு ஒன்றும் கூறப்படவில்லை. இக்கட்டுரை அவ்வொன்றையே பொருளாக உடையது.

தொடுதோல் என்பது செருப்பிற்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர். காலைத் தொட்டுத் தொட்டுக் காலின் வடிவையே தான் கொள்வது தோலின் இயல்பாகலின், அப்பெயர் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. நன்கு செய்த சப்பாத்து ஒன்றனைப் பிரித்து நோக்கின், பாதம் படியும் உள்ளடித்தோலும், அதன்கீழ்த் தக்கைத்தூள் நிரப்பிய மெல்லிய படையும், அதன்கீழ் நிலத்தில் உராயும் வெளியடித்தோலும் காணப்படும். சில திங்கள் அணிந்தபின் உள்ளடித்தோலும் தக்கையும் அமுங்கி, அணிந்தவன் பாதத்துக்கே உரிய பள்ளமேடுகளைப் பெறுகின்றன. பழஞ்சப்பாத்தின் சுகம் இவ்வுட்பகுதியில் உள்ளது, தேய்வதோ வெளிப்பகுதி. ஆதலின் உள்ளிருப்பதைக் கலைக்காமற் புறத்திருப்பதை மாற்றுதலே இத்தொழிலின் நுட்பம் என்க.

அங்ஙனம் மாற்றுதற்கு இடந்தருவது தையலின் வகையாம். மேற்றோலையும் உள்ளடித்தோலையும் ஒரு விளிம்புவாரோடு முதலிற் பிணைத்து, அவ்வாரோடு வெளியடித்தோலைத் தைப்பது ஒருமுறை. பண்டு கையாற் செய்துவந்த இத்தையலுக்கு, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்க நாட்டு இளைய சார்லஸ் குட்இயர் முயற்சியாற் பொறி உண்டாயிற்று. வெளித்தையல் பாதம் படியும் இடத்தைத் துளைப்பதில்லையாதலால், பலமுறை பிரித்துத் தைத்தாலும் உட்பகுதி ஊறுபடாது. இக்காலத்துப் பெரும்பான்மைச் சப்பாத்துக்கள் பசையால் ஒட்டப்பட்டவை. அவற்றுட் பாலியூரித்தேன் அடியுடையன, அணியாது பெட்டியில் வைத்தாலும், காற்றின் ஈரத்தால் ஆண்டுகள் சிலவற்றில் தாமே உதிர்வன. வாங்கும்போதே இதனை நோக்குதல் நன்று.

அடித்தோலின் நடுவைப் பெருவிரலால் அழுத்துக. மெத்தென்று இடங்கொடுப்பின் மாற்றுங்காலம் வந்துவிட்டது. ஓட்டை விழுமளவும் காத்திருப்போமாயின், நீர் புகுந்து தக்கை கெடும், விளிம்புவாரும் தேய்ந்தறும், சிறு செலவு பெருஞ்செலவாம்.

என் தந்தையார் பல ஆண்டு அணிந்த சப்பாத்தொன்று கல்லூரிக்கு வரும்போது எனக்குக் கிடைத்தது. அதனைக் கடையொன்றிற் கொடுத்தேன். அவர்கள் தேய்ந்த தோலை நீக்காமலே அதன்மேற் கனத்த ரப்பரை ஒட்டித் தந்தனர். முன்புறம் உயர்ந்தது, குதி உயரவில்லை. உடலின் பாரம் பின்வாங்கியது. சப்பாத்து மடியவேண்டிய இடத்தில் மடியாது குதிகாலை உரைஞ்சியது. இரண்டே நாளிற் கொப்புளம் கண்டது. தந்தையார் காலுக்கு இனிதாயிருந்தது என் காலைக் கடித்தது. பிறிதொரு தொழிலாளர், மரநிழலில் அமர்ந்து தைப்பவர், அதனைக் கையில் வாங்கிய கணமே, "தம்பி, முன்பாரம் ஏறிப்போச்சு" என்றார். நோயின் பெயரை அவர் சொல்லக் கேட்டபோதே பாதி நோவு நீங்கியது.

அவர் செய்தவற்றை அருகிருந்து கண்டேன். ரப்பரையும் பழந்தோலையும் பெயர்த்து, நைந்த தக்கையை மட்டும் சுரண்டிப் புதிது நிரப்பிச் சமப்படுத்தினார். உள்ளடித்தோலைத் தொடவில்லை. பட்டையாற் பதனிட்ட தடித்த தோலையே அடிக்குத் தெரிந்தெடுத்தார். தென்னாட்டில் ஆவாரம்பட்டை இதற்குப் பேர்போனது. அத்தோலை நீரில் ஊறவைத்து, ஈரம் எங்கும் சமமாய்ப் பரவ ஈரத்துணியிற் சுற்றிவைத்து, பின்னர்க் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அடித்திறுக்காத தோல் விரைவில் தேயுமாம். பாதவடிவான மரஅச்சைச் சப்பாத்தினுட் செருகிய பின்னரே மெழுகுநூலாற் றைத்தார். அச்சின்றித் தைப்பின், ஈரத்தோல் உலருங்கால் இழுத்துச் சப்பாத்தை முறுக்கிவிடும். கனம் முன்னிருந்த அளவே, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு கால் மட்டுமே மிகத் தேய்ந்திருந்தும் இரண்டையும் மாற்றினார். உயரம் வேறுபடின் இடுப்பு நோகும் என்பது அவர் கூறிய காரணம்.

வில்லியம் கேரி இளமையிற் சப்பாத்துத் தொழில் பயின்றவர். பின்னாளில் ஒருவர் அவரை இழித்துரைக்கக் கருதி, சப்பாத்துச் செய்பவராயிருந்தீரோ என வினவ, செய்பவனல்லேன், பழுதுபார்ப்பவனே என அவர் விடையிறுத்ததாகச் சொல்லுவர். 1818-ல் சீராம்பூரிற் கல்லூரி நிறுவிய பெரியாரின் தாழ்மைக்கு இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கோ, தாழ்மையால் அங்ஙனம் உரைத்தாரெனினும், பழுதுபார்த்தல் எளிய தொழிலெனத் தோன்றவில்லை. புதிது செய்வோன் முன் வெறும் அச்சே உளது. பழுதுபார்ப்போன் முன் பிறனொருவன் நடந்த நடை முழுதும் உளது.

முழுவதும் மாற்றப் பொருளில்லாதார் முன்பாதி மட்டும் மாற்றலாம். அப்போது இருதோலும் கூடும் இடத்தை இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி, பாதத்தின் மூட்டுக்குப் பின்னே, நிலந்தொடா வளைவில் அமையுமாறு பொருத்துதல் வேண்டும். மூட்டின்கீழ் அமையின் ஒவ்வோரடியிலும் மேடு உறுத்தும். தைத்ததை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தலாகாது. நிழலில் அச்சோடு உலரவிடுக. முதல் வாரம் நாள்தோறும் சிறிது நேரம் அணிந்து, மறுநாள் ஓய்வு கொடுப்பின், புதுத்தக்கை மெல்ல அமுங்கிப் பழைய பள்ளத்தையே மீண்டும் அடையும். என் சப்பாத்துக்கு அங்ஙனம் ஒன்பது நாட் சென்றன.